எல்டன் ரிங்: பெட்டியைத் திறந்ததும் கேலிட் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டேன், வெளியே வர வழி இருக்கிறதா?

கேள்வி:
எல்டன் ரிங் வீடியோ கேமை இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கிறேன். சாமுராய் கிளாஸ், லெவல் இன்னும் 20-ஐத் தொடவில்லை. தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் அகீல் ஏரிப் பக்கம் இருக்கும் டிராகன்-பர்ன்ட் ரூயின்ஸில், நிலவறையில் ஒரு பெட்டி இருந்தது. திறந்ததும் புகை சூழ்ந்து வேறொரு சுரங்கத்தில் கொண்டுபோய் விட்டது. பெயர் செலியா கிரிஸ்டல் டனல் என்று காட்டுகிறது. எப்படியோ ஓடிப்போய் அங்கிருந்த கிரேஸை (ஓய்வெடுக்கும் இடம்) தொட்டுவிட்டேன். இப்போது செத்தால் அங்கேயேதான் எழுகிறேன்.

வெளியே வந்தால் வானமே சிவப்பு. மேற்கே போனால் லிம்கிரேவ் வந்துவிடும் என்று குதிரையை விட்டேன். நடுவில் பெரிய சேறு. திரையில் ஒரு பட்டை ஏறி நிரம்புகிறது, அப்புறம் உயிர் தானாகக் கரைகிறது. விஷ முறிவு உருண்டை தின்றும் நிற்கவில்லை. சேர்த்த ரூன் (லெவல் ஏற்றச் செலவழிக்கும் காசு) எல்லாம் சேற்றுக்குள் கிடக்கிறது. புது கேரக்டர்தான் தொடங்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். அந்தச் சேற்றைக் கடக்கவே தேவையில்லை நண்பரே. வரைபடத்தைத் திறந்து லிம்கிரேவில் ஏற்கெனவே தொட்ட ஏதாவது ஒரு கிரேஸைத் தேர்ந்தெடுங்கள், சர்ச் ஆஃப் எல்லே இருந்தால் அதுவே போதும். நேரே அங்கே போய்விடலாம்.

கேட்டவர்:
அதைத்தான் முதலில் செய்து பார்த்தேன். இங்கிருந்து போக முடியாது என்கிறது. அதனால்தான் இந்தப் பெட்டி வழியாக வந்தால் ஃபாஸ்ட் டிராவல் கிடையாது என்று நினைத்துவிட்டேன்.

பதில் 1:
எங்கே நின்று பார்த்தீர்கள்? சுரங்கத்துக்குள்ளே என்றால் விடாது. கிரேஸ் பக்கத்தில் நின்றாலும் அது சுரங்கம்தான். வாசலைத் தாண்டி, தலைக்கு மேல் வானம் தெரியும் இடத்துக்கு வந்து திறங்கள். இன்னொன்று: எதிரி உங்களைப் பார்த்துத் துரத்திக்கொண்டிருக்கும்போதும் அனுமதிக்காது. வாசலில் ஏதாவது பின்னால் வந்தால் உங்கள் குதிரை டோரன்டில் ஏறிக் கொஞ்ச தூரம் ஓடி, அது விட்டதும் வரைபடத்தைத் திறங்கள். அங்கிருக்கும் நாய்களோடு சண்டை போட நிற்காதீர்கள். அதை நாய் என்று சொல்வதே மரியாதைக்காக.

பதில் 2:
வெளியே போவது சரி, ஆனால் உயிர் கரைந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. அது விஷம் இல்லை, ஸ்கார்லெட் ராட். நீங்கள் தின்றது நியூட்ரலைசிங் போலஸாக இருக்கும். அது விஷத்துக்கு மட்டும். ராட்டுக்கு ப்ரிசர்விங் போலஸ் என்று தனி உருண்டை. படம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

பட்டை நிரம்புவதற்கு முன் சேற்றை விட்டு ஏறிவிட்டால் மெல்ல இறங்கிவிடும், சேதம் இல்லை. நிரம்பிவிட்டால் சேற்றை விட்டு வெளியே வந்தும் பயனில்லை, அது பாட்டுக்கு நீண்ட நேரம் உறிஞ்சும். சிவப்பு ஃபிளாஸ்க் குடித்தால் போன உயிர் கொஞ்சம் திரும்பும், ராட் போகாது. உருண்டை கையில் இல்லாவிட்டால் கிரேஸில் உட்காருங்கள், சுத்தமாகிவிடும்.

நிரந்தரமான வழி ஃப்ளேம், க்ளென்ஸ் மீ என்ற மந்திரம். லியூர்னியா என்ற பகுதியில் தீத்துறவிகள் முகாமிட்டிருக்கும் இடத்தில் கிடக்கிறது. ஃபெய்த் 12 இருந்தால் போதும், ஆனால் மந்திரம் போட கையில் ஒரு சீல் வேண்டும். விஷம், ராட் இரண்டையும் எடுத்துவிடும். உருண்டைக்குச் செடி பொறுக்கி அலையும் வேலை மிச்சம். அத்துடன் விகர் ஏற்றுங்கள். அது உயிரை மட்டும் கூட்டுவதில்லை, இம்யூனிட்டியும் (விஷம், ராட் எதிர்ப்பு) கூடும், பட்டை நிரம்ப அதிக நேரமாகும்.

இந்தக் கேலிட் நிலம் இப்படி ஆனதற்குக் காரணம் மலேனியா என்ற வீராங்கனை. ராடான் என்ற தளபதியோடு அந்த ஏயோனியா சேற்றுப் பகுதியில் மோதியபோது அவளுக்குள் இருந்த ராட் மலர்ந்து வெடித்தது. நீங்கள் விழுந்து செத்தது சரியாக அந்த இடத்தில். ராடானின் சிப்பாய்கள் நெருப்பும் கையுமாக அலைவது அதைத் தடுக்கத்தான். எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. உங்களிடம் இப்போது சொல்லக் கூடாதுதான்.

பதில் 3:
ப்ரோ, அவ்வளவு தூரம் போனவர் சும்மா வராதீர்கள். அதே சேற்றில் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் என்ற இடிபாடு இருக்கிறது. மீட்டியோரைட் ஸ்டாஃப் என்ற மந்திரக்கோல் அங்கேதான். இன்டெலிஜென்ஸ் ஸ்கேலிங் எஸ் (அதுதான் உச்சம்), மேம்படுத்தவே தேவையில்லை (மேம்படுத்தவும் முடியாது). கீழறையில் ராக் ஸ்லிங் மந்திரமும் உண்டு. பாதி ஆட்டத்துக்கு அது போதும்.

பதில் 1:
அவர் சாமுராய் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார். ஆரம்ப இன்டெலிஜென்ஸ் 9. அந்தக் கோலுக்கு 18 வேண்டும். ஒன்பது லெவலை அதில் கொட்டி என்ன செய்வார்?

பதில் 3:
அட, கவனிக்கவில்லை. சாமுராய் என்றால் விட்டுவிடுங்கள். ஆஸ்ட்ராலஜர் (மந்திரவாதி கிளாஸ்) யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு.

கேட்டவர்:
வேலை செய்தது! வாசலுக்கு வெளியே வந்ததும் வரைபடம் அனுமதித்தது. இப்போது லிம்கிரேவில் கேட்ஃப்ரன்ட் கிரேஸில் இருக்கிறேன். சேற்றில் கிடக்கும் ரூனை மட்டும் போய் எடுத்துவிட்டு வரலாமா?

பதில் 2:
எவ்வளவு?

கேட்டவர்:
ஒரு லெவல் ஏற்றலாம், அவ்வளவுதான்.

பதில் 2:
அப்படியென்றால் மறந்துவிடுங்கள். லிம்கிரேவில் கொஞ்ச நேரம் சுற்றினால் அதைவிட அதிகம் சேரும். கரையோரம் விழுந்திருந்தால் டோரன்டில் போய்ப் பொறுக்கிக்கொண்டு உடனே திரும்பலாம். நடுச்சேறு என்றால் வழியில் செத்து அதுவும் போய்விடும். ஸ்டார்ம்வில் கோட்டை முடித்து, லியூர்னியாவில் மந்திரத்தை எடுத்து, அப்புறம் லிம்கிரேவின் கிழக்கு எல்லை வழியாகக் குதிரையில் வாருங்கள். அப்போது சேற்றுக்கு நடுவில் கமாண்டர் ஓநீல் என்ற பாஸ் காத்திருப்பார். அவரை வீழ்த்தினால் கிடைக்கும் ஊசியை கௌரி என்ற முதியவரிடம் கொடுத்தால்தான் மில்லிசென்ட் என்ற பெண்ணின் கதை தொடங்கும், தவறவிடாதீர்கள்.

கேட்டவர்:
சரி, டெக்ஸ்டெரிட்டிக்கு வைத்திருந்த நாலு லெவல் ஃபெய்த்துக்குப் போகிறது. சீல் எங்கே வாங்குவது என்று தனியாகக் கேட்கிறேன்.