மூக்கு டியூப், யூரின் டியூபோடு அப்பா வீட்டுக்கு வருகிறார்: 24 மணி நேர நர்ஸ் வேண்டுமா, அட்டெண்டர் போதுமா?

காவிரிப்பாலம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 74, எடை 68 கிலோ. மூளையின் இடப்பக்கம் ஸ்ட்ரோக். வலது கை, கால் அசைவில்லை. நாம் சொல்வது புரிகிறது, பதில் பேச வரவில்லை. சுகர் பல வருடமாக உண்டு. இப்போது காலையும் இரவும் இன்சுலின். வரும் திங்கள்கிழமை திருச்சி ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ். ரைல்ஸ் டியூபும் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) யூரின் டியூபும் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ரீரங்கம் வீட்டில் அம்மா மட்டும், 69 வயது, முழங்கால் வலி. நான் பெங்களூரு, மாதம் இரண்டு முறைதான் வர முடியும்.

ஏஜென்சிகளில் விசாரித்ததில், தங்கி வேலை செய்யும் நர்ஸுக்கு மாதம் 54,000, அட்டெண்டருக்கு 27,000 சொல்கிறார்கள். என்ன வித்தியாசம் என்று கேட்டால் "நர்ஸ்னா எல்லாம் பாத்துப்பாங்க சார்" என்பதோடு சரி. யாரை வைப்பது? வீட்டில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்? கையெழுத்துப் போடும் முன் ஏஜென்சியிடம் என்ன கேட்க வேண்டும்?

---

மாடிவார்டு (நர்ஸிங்):

தம்பி, முதலில் வேலையைப் பிரித்துப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு நாளில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி திருப்பிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, உடம்பு துடைப்பது, டியூபில் கஞ்சி விடுவது. பழக்கிவிட்டால் நல்ல அட்டெண்டரே செய்வார். நர்ஸ் மட்டுமே செய்ய வேண்டியவை: ரைல்ஸ் டியூப் போடுவது, யூரின் டியூப் மாற்றுவது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங், இன்சுலின் தவிர மற்ற ஊசி மருந்து. இவை தினமும் வருவதில்லை. அதனால் தங்கும் நர்ஸுக்குப் பதில் ஆண் அட்டெண்டர் ஒருவர், அதோடு வாரம் இரண்டு முறை வந்துபோகும் நர்ஸ் ஒருவர் என்று வையுங்கள். முதல் 10 நாள் மட்டும் நர்ஸ் தினமும் வரட்டும். 68 கிலோ உடம்பைப் புரட்டவும், அப்பாவின் கூச்சத்துக்கும் ஆண் அட்டெண்டர்தான் சரி.

நர்ஸ் என்று அனுப்புபவரிடம் தமிழ்நாடு நர்ஸஸ் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி நர்ஸிங் என்று எந்த நர்ஸிங் படிப்பு முடித்தவராக இருந்தாலும் பதிவு இருக்கும். "ஆறு மாத ஹோம் நர்ஸிங் சர்டிபிகேட்" என்று காட்டினால் அவர் அட்டெண்டர்தான். அதற்கு நர்ஸ் சம்பளம் கொடுக்காதீர்கள்.

யூரின் டியூப் பற்றி ஞாயிற்றுக்கிழமைக்குள் டாக்டரிடம் ஒரு கேள்வி: "இது இன்னும் தேவையா?" ஐசியூவில் போட்டது, எடுக்க யாருக்கும் நினைவு வராமல் வீடு வரை வந்துவிடுவது நிறைய நடக்கிறது. எடுத்துப் பார்த்துச் சிறுநீர் தானாகப் போனால் டயப்பரோ காண்டம் கதீட்டரோ (ஆணுறை போல வெளியே மாட்டும் குழாய்) போதும், கிருமித் தொற்று குறையும். எடுக்க முடியாது என்றால், எந்த வகை, என்ன சைஸ், என்று போட்டது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். சிலிகான் பூசிய லேட்டக்ஸ் என்றால் 2 முதல் 4 வாரத்தில் மாற்ற வேண்டும். முழு சிலிகான் 12 வாரம் வரை தாங்கும்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். குழாயைத் தொடைமேல் பிளாஸ்டர் போட்டு ஒட்டவில்லை என்றால் திருப்பும்போதெல்லாம் இழுபட்டு ரத்தம் வரும். 4 மணி நேரமாகச் சொட்டுக்கூட இறங்கவில்லை என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், பிறகு நர்ஸைக் கூப்பிடுங்கள். பேச முடியாதவர் திடீரென வியர்த்து, முகம் சுளித்து, அடிவயிறு கல் மாதிரி இருந்தால் பெரும்பாலும் இந்த அடைப்புதான். சிறுநீர் நாறுகிறது என்பதற்காக மட்டும் டெஸ்ட், ஆன்டிபயாடிக் என்று ஓடாதீர்கள். பல நாள் டியூப் இருக்கும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கல்ச்சரில் (சிறுநீர் கிருமி டெஸ்ட்) கிருமி காட்டும். காய்ச்சல், நடுக்கம், புதுக் குழப்பம் வந்தால்தான் அதற்கு அர்த்தம்.

அடுத்து ஃபீடிங். வீட்டில் உயிருக்கு ஆபத்து வரும் இடம் இதுதான்:

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம். ஃபீடிங் முடிந்தும் ஒரு மணி நேரம் அப்படியே. ஒவ்வொரு முறையும் மூக்கு ஓரத்தில் டியூபில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். டியூபைப் போட்டு ஒட்டியபோது 55 என்று இருந்தது இப்போது 48 என்று தெரிந்தால் டியூப் வெளியே வந்திருக்கிறது, ஒரு சொட்டு விடக் கூடாது. எண் சரி என்றால் 50 மில்லி சிரிஞ்சில் இழுத்துப் பார்க்கவும், காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்கவும். 200 மில்லிக்கு மேல் பழைய கஞ்சி திரும்பினால் அடுத்ததை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். 30 மில்லி தண்ணீர், பிறகு 200 மில்லி உணவு, மறுபடி 30 மில்லி தண்ணீர். உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்ட சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் 15 நிமிடத்தில் தானாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தினால் வாந்தி, வாந்தி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

நாளுக்கு 7 முறை என்றால் 1,400 மில்லி உணவு, 420 மில்லி தண்ணீர். வெறும் அரிசிக் கஞ்சியும் மோரும் 7 முறை கொடுத்து வயிறு நிறைந்தது என்று நினைக்கும் வீடுகள்தான் அதிகம். ஒரு மாதத்தில் தொடை எலும்பு தெரியும், புண் ஆறாது. 68 கிலோவுக்குத் தோராயமாக 1,700 கலோரி, 70 கிராம் புரதம் வேண்டும். சுகர் இருப்பதாலும் கிட்னி அளவு பார்க்க வேண்டியிருப்பதாலும் டயட்டீஷியனிடம் அளவோடு எழுதி வாங்கிக்கொண்டே டிஸ்சார்ஜ் ஆகுங்கள். எதையும் மெல்லிய வடிகட்டியில் வடிகட்டாமல் விட்டால் அன்றே அடைக்கும்.

மாத்திரையை உணவோடு கலக்காமல் ஒவ்வொன்றாகப் பொடித்து 15 மில்லி தண்ணீரில். எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று பெயரோடு வருபவை மெல்ல மெல்லக் கரையும் மாத்திரைகள், அவற்றைப் பொடிக்கவே கூடாது; ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பான்டோப்ரசோலும், ஸ்ட்ரோக்குக்குத் தரும் ஆஸ்பிரின் பலவும் மேலுறை போட்டவை. மாற்று வடிவம் கேளுங்கள்.

வாயால் சாப்பிடாதவருக்கும் தினம் இருவேளை பல், நாக்கு துடைக்க வேண்டும். இதை விட்டுவிடுவதாலும் பலருக்கு நெஞ்சில் சளி கட்டுகிறது.

---

கைத்தடி (பிசியோ):

அக்கா சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். காற்றடித்துச் சத்தம் கேட்பதை நம்பாதீர்கள். டியூப் முனை நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கலாம். டியூப் புதிதாகப் போட்டதும் எக்ஸ்ரே. பிறகு ஒவ்வொரு முறையும் இழுத்த நீரைப் பிஎச் தாளில் (அமில அளவு காட்டும் தாள்) தொட்டு 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயிறு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு 5.5க்கு மேலேயும் காட்டலாம், அப்போது நர்ஸைக் கேட்காமல் உணவு விடக் கூடாது.

கட்டில், படுக்கைக்கு வருகிறேன். தலைப்பக்கம் தூக்கும் கட்டிலை வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள். மூன்று மாதத்தில் தேவை மாறும். ஆல்பா பெட்டைச் (பம்ப்பால் காற்று ஏறி இறங்கும் மெத்தை) சொந்தமாக வாங்குங்கள், வாடகையில் வருவது பெரும்பாலும் ஒட்டுப் போட்டது. பம்ப்பில் எடை 68க்கு வைத்து, அப்பா படுத்த பிறகு பெட்டுக்கு அடியில் இடுப்புக்கு நேராகக் கையை விட்டுப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓரங்குலமாவது காற்று இருக்க வேண்டும். மேலே ஒரே ஒரு பெட்ஷீட். ரப்பர் ஷீட், போர்வை, மடித்த துணி என்று அடுக்கினால் வெறும் மெத்தைதான். இடுப்புக்கு அடியில் வைக்கும் ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது நிறுத்தும்.

பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வலம், இடம், மல்லாக்க. முழுப் பக்கவாட்டாக இல்லாமல் முதுகில் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வு. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. அதைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள், அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள்.

தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அதே கதை. வீல்சேரை அவருடைய இடது பக்கம், நல்ல பக்கம், போட்டு இடுப்பு பெல்ட்டைப் பிடித்து மாற்றுங்கள். ஸ்ட்ரோக்கில் மீட்சி அதிகம் கிடைப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதம். வாரம் ஒருமுறை பிசியோ வந்து போவதைவிட, முதல் மாதம் வாரம் ஐந்து முறை வரவழைத்து, செய்வதை அட்டெண்டருக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். விழுங்கும் பரிசோதனைக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் தேதி இப்போதே வாங்குங்கள். அது நடக்காததால் மட்டுமே மாதக்கணக்கில் மூக்கில் டியூபோடு கிடப்பவர்கள் உண்டு.

---

ரசீதுப்புத்தகம்:

ஏஜென்சி பக்கம் மட்டும் சொல்கிறேன். பொதுவாகப் பதிவுக் கட்டணம் திரும்ப வராது, அட்வான்ஸ் திரும்ப வரும். இரண்டையும் தனித்தனி ரசீதாக வாங்குங்கள். ஆள் ஊருக்குப் போனால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், பொங்கல், தீபாவளிக்கு என்ன ஏற்பாடு, ஆள் வராத நாளுக்குச் சம்பளம் கழியுமா என்று எழுத்தில் இருக்கட்டும். ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்பு, மாற்று ஆளுக்கும் அதேதான்.

தங்கும் அட்டெண்டர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரவெல்லாம் விழிப்பார் என்று எண்ண வேண்டாம், நாலாவது நாள் தூங்கிவிடுவார். முதல் இரண்டு வாரம் பகல் 12, இரவு 12 என்று இரண்டு பேர். தோல் நன்றாக இருந்து, ஆல்பா பெட்டும் சரியாக வேலை செய்தால், நர்ஸைக் கேட்டு இரவில் 4 மணி நேர இடைவெளிக்கு மாற்றி, ஓர் ஆளாகக் குறையுங்கள். சாப்பாடு யார் பொறுப்பு என்பதை அம்மாவிடம் முன்பே பேசிவிடுங்கள். பாதி அட்டெண்டர்கள் இதில்தான் பொட்டியைக் கட்டுகிறார்கள்.

அரசுப் பக்கம்: 5.8.2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிபி, சுகர் மாத்திரை தருவதோடு நிற்பதில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே பிசியோவும் வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு அப்பா பெயரைப் பதிவு செய்யுங்கள். தினமும் வர மாட்டார்கள், அட்டெண்டருக்கு அது மாற்றல்ல. வழி தெரியாவிட்டால் 104. முதியோர் உதவிக்கு 14567.

---

காவிரிப்பாலம்:

மிக்க நன்றி. டாக்டரிடம் கேட்டேன், சனிக்கிழமை யூரின் டியூபை எடுத்துப் பார்க்கிறார்களாம். இன்னும் மூன்று சந்தேகம். கரண்ட் போனால் ஆல்பா பெட் என்ன ஆகும்? இன்சுலினை அட்டெண்டர் போடலாமா? இரவில் அப்பா நல்ல கையால் மூக்கு டியூபை இழுத்துவிட்டால்?

---

மாடிவார்டு (நர்ஸிங்):

காற்று மெல்ல இறங்கும். பம்ப்புக்குக் கரண்ட் மிகக் குறைவு, சாதாரண இன்வெர்ட்டரே இழுக்கும். அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று திங்களுக்கு முன் எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் கரண்ட் வரும்வரை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்.

இன்சுலினை அம்மா கற்றுக்கொள்வது நல்லது, பேனா வகையாகக் கேளுங்கள். பாட்டில் என்றால் அதில் 40 ஐயூ என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 ஐயூ என்றிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 ஐயூ மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மெடிக்கல் ஷாப்பில் ஒன்று இல்லையென்றால் மற்றதைக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். பிரித்த பாட்டிலின் மேல் தேதி எழுதுங்கள், 28 நாள் கணக்கு.

ஊசி போட்ட பிறகு ஃபீடிங் நின்றாலோ வாந்தி வந்தாலோ சுகர் சரியும். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து டியூபில் விட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

டியூபை இழுத்துவிட்டால் அட்டெண்டரோ அம்மாவோ திரும்பச் செருக முயற்சி செய்யவே கூடாது. உள்ளே பாதி இருந்தால் பிளாஸ்டரைப் பிரித்து முழுதாக எடுத்துவிடச் சொல்லுங்கள், பாதியில் நிற்கும் டியூபில் வடிவது மூச்சுக்குழாய்க்குப் போகும். வாயால் தண்ணீர்கூட வேண்டாம். இரவு இன்சுலின் போடுவதற்கு முன் நடந்திருந்தால் ஊசியை நிறுத்தி டாக்டருக்கு போன். போட்ட பிறகு என்றால் காலை வரை காத்திருக்க முடியாது: அரை மணிக்கு ஒருமுறை சுகர் பார்த்துக்கொண்டே நர்ஸை வரச் சொல்லுங்கள். 70க்குக் கீழே போய், டியூபும் இல்லை என்றால் வாயில் சர்க்கரை போடாமல் 108ஐ அழையுங்கள்.