புதுப்பிப்பு: எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ-வில் எந்த டர்போ? முடிவு எடுத்தாச்சு

போன மாசம் இங்கே கேட்டிருந்தேன்: கோவையில் தினமும் சரவணம்பட்டியிலிருந்து பீளமேடு போய் வர, மஹிந்திராவின் 3எக்ஸ்ஓ காரில் எந்த 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் எடுக்கலாம்னு. ரெண்டுமே மூணு சிலிண்டர். ஒன்று 111 பிஎஸ் சக்தி, 200 என்எம் இழுவிசை (டார்க்). இன்னொன்று 131 பிஎஸ், 230 என்எம்.

ரெண்டையும் ஒரே நாளில், அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டினேன். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இரண்டாவது கியரில் மெதுவாக எடுக்கும்போது எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவிநாசி ரோட்டில் லாரியை முந்தும்போதுதான் 131 பிஎஸ்-இன் பலம் பளிச்சென்று தெரிந்தது. மனசு கொஞ்சம் ஆடிப்போனது உண்மை.

ஆனாலும் 111 பிஎஸ் மேனுவலையே புக் பண்ணிவிட்டேன். காரணம் பெட்ரோல் தெளிக்கும் விதம். 131-இல் நேராக சிலிண்டருக்குள்ளேயே இன்ஜெக்ஷன். காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு மேல் பெட்ரோல் படாது, அதனால் நாளடைவில் கரி படிய வாய்ப்பு அதிகம். போதாததற்கு உயர் அழுத்த பம்பும் இருக்கிறது. என்னுடையதில் வால்வுக்கு முன்னாலேயே தெளிப்பதால், பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே போகும். பத்து வருஷம் வைத்திருக்கப்போகும் வண்டிக்கு இந்த எளிமை எனக்குப் பெரிசாகப் பட்டது.

மாசம் ரெண்டு தடவை ஊட்டி ஏறுபவர்கள் தயங்காமல் 131 எடுங்க. பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதல் சர்வீஸ் முடிந்ததும் மைலேஜ் கணக்கோடு வருகிறேன்.