புதுப்பிப்பு: லிப்பார்ட்டட் பைதன் பைண்டிங், செக்ஃபால்ட் தீர்ந்தது

லிப்பார்ட்டட் என்பது வன்தட்டைப் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கும் சி நூலகம்; பைண்டிங் அதைப் பைதனில் இருந்து அழைக்க உதவும் இணைப்பு.

போன கிழமை கேட்டது: டிஸ்க் பொருளை நினைவகத்திலிருந்து விட்ட பிறகு பார்ட்டிஷனின் நீளத்தைக் கேட்டால் பைதன் ஏன் செக்ஃபால்ட்டில் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் நின்றுபோவது) விழுகிறது?

காரணம் உரிமைதான், அதாவது நினைவகத்தை யார் விடுவிப்பது என்பது. டிஸ்க்கை விடுவிக்கும்போது சி நூலகம் அதன் பார்ட்டிஷன்களையும் சேர்த்தே விடுவிக்கும். பைதன் கையில் மிஞ்சுவது செத்த பாயிண்டர், அதாவது ஏற்கெனவே விடுவித்த இடத்தின் முகவரி. இப்போது ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன் டிஸ்க்கையும், டிஸ்க் தன் டிவைஸையும் ரெஃபரன்ஸாகப் பிடித்து வைத்திருக்கிறது. பார்ட்டிஷனை அழித்தால் அதன் உறையிலுள்ள (அதைச் சுற்றியுள்ள பைதன் பொருளிலுள்ள) பாயிண்டரை உடனே நல் (null, வெற்று) ஆக்கவேணும். பிறகு தொட்டால் செக்ஃபால்ட்டுக்குப் பதில் எக்ஸெப்ஷன் (நிரல் பிடித்துக் கையாளக்கூடிய பிழை) வரும், அதுதான் நல்லது.

பார்ட்டிஷன் தொடங்கும், முடியும் செக்டர் (வட்டின் சிறு துண்டு) எண்களைப் பைதனில் பிரதி எடுத்து வைக்காதையுங்கோ. பார்ட்டிஷனை டிஸ்க்கில் சேர்க்கும்போது கன்ஸ்ட்ரெயின்ட் (அது எங்கே இருக்கலாம் என்ற கட்டுப்பாடு) அவற்றை நகர்த்தக்கூடும்.

யாழ்ப்பாணத்தில வகுப்புக் கணினியில பரீட்சிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: வன்தட்டைத் தொடவேண்டாம், 64 எம்பி வெற்றுக் கோப்பு காணும். முதல் பார்ட்டிஷன் 2048ஆம் செக்டரில் தொடங்கட்டும்.