மிருதங்கக் கணக்கும் செஸ் கணக்கும் ஒண்ணுதானா?

தல்லாகுளம் தாளம்:
மதுரைல மிருதங்க வகுப்புல பிள்ளையைச் சேர்க்க வர்றவங்க பலரும் "இதைக் கத்துக்கிட்டா செஸ்ஸும் நல்லா வரும்ல?"னு கேக்குறாங்க. ரெண்டுக்கும் நிஜமாவே பொதுவா என்ன இருக்கு? மூளை வளரும்ங்கிற பேச்சு வேணாம். தாளத்துலயும் பலகைலயும் காட்டுற மாதிரி சொல்லுங்க.

வைகைக்கரை லயம்:
இறங்குற இடத்துல இருந்து பின்னாடி எண்ணுறதுதான் பொது. ஆதி தாளம் (8 எண்ணிக்கை), ஒரு களை (எண்ணிக்கைக்கு ஒரு தட்டு), சதுஸ்ர நடை (எண்ணிக்கைக்கு 4 மாத்திரை): ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. 'ததிகிணதொம்'ங்கிற சொல்லு 5 மாத்திரை. மூணு தடவைக்கு 15. நடுவுல ரெண்டு கார்வை (சொல்லு இல்லாம விடுற இடைவெளி), தலா 2 மாத்திரை. மொத்தம் 19. மிச்சம் 13. அதை விட்டுட்டு, நடுவிரலோட (நாலாவது எண்ணிக்கை) ரெண்டாவது மாத்திரைல எடுத்தா சமத்துல, அதாவது அடுத்த சுற்றோட முதல் தட்டுல, உக்காரும். பசங்க சறுக்குறது எங்கன்னா, மூணாவது தொம்முக்கு அப்புறமும் கார்வை விட்டுருவாங்க. 2 மாத்திரை தள்ளி விழும்.

ராஜா சிப்பாய்:
அந்தக் கார்வைக்கு செஸ்ல நேர் ஜோடி ராஜாவோட முக்கோண நடை. வெள்ளை ராஜா டி5 (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை), சிப்பாய்கள் ஏ5, சி6. கறுப்பு ராஜா சி8, சிப்பாய் ஏ6. வெள்ளை ஆட்டம். இதே நிலைல கறுப்பு ஆடணும்னா தோத்துரும். அதனால ஒரு நகர்த்தலைக் கழிக்கணும். ராஜா சி4, கறுப்பு டி8. ராஜா டி4, கறுப்பு சி8. ராஜா டி5. காய் எல்லாம் பழைய இடத்துலயே நிக்குது, முறை மட்டும் மாறிருச்சு. இனி கறுப்பு டி8 போனா வெள்ளை டி6, சி7 போனா சி5. அவசரப்பட்டு முதல்லயே டி6 போனா, கறுப்பு டி8 வந்து எதிர்ல நின்னு வழி மறிச்சுக்கும்.

பழைய ரசிகன்:
கணக்கு மட்டுமே சங்கீதம் இல்லங்க. பாடகர் மதுரை மணி ஐயரோட சர்வலகு ஸ்வரத்துல (கணக்குப் போடாம தாளத்தோட இயல்பா ஓடுற ஸ்வரம்) எந்த முக்கோணத்தைத் தேடுவீங்க? ரெண்டுலயும் பெரிய ஆளுங்க உண்டு. ஓபரா எழுதின பிலிடோர் 1749-ல செஸ் நூலும் போட்டார். செஸ் கிராண்ட்மாஸ்டர் டைமனோவ் மேடைப் பியானோ கலைஞர். 1971-ல செஸ்ல ஃபிஷர்கிட்ட 6-0ன்னு தோத்தார். வாசிப்பு அங்க கைகொடுக்கல! 2017-ல ஆய்வாளர்கள் சாலா, கோபே ரெண்டு பேரும் ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தாங்க. செஸ், இசைப் பயிற்சியோட பலன் வேற துறைக்குத் தாவுறதுக்கு நல்ல ஆதாரம் கிடைக்கல. பெத்தவங்ககிட்ட அதையும் சொல்லிருங்க.

தல்லாகுளம் தாளம்:
சொல்லிர்றேன். லயம் அண்ணே, அரை இடம் எடுப்புன்னா (பாட்டு சமத்துக்கு அரை எண்ணிக்கை, 2 மாத்திரை, தள்ளித் தொடங்குறது) 15 விட்டு எடுக்கணும், சரியா?

வைகைக்கரை லயம்:
சரிதான். நடுவிரலோட கடைசி மாத்திரை. கை முந்தும், பாத்துக்கங்க.