புதுப்பிப்பு: பேரலில் ஈயம் படிந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது

நானே வார்த்த ஈயத் தோட்டாக்களை 0.32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம் ரக சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்துச் சுடும்) ரிவால்வரில் சுட்டால், இருபதாவது குண்டுக்குள் பேரலில் ஈயம் அப்பிக்கொள்கிறது, குறியும் சிதறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ஈயம் மென்மையாக இருப்பதுதான் காரணம் என்று நம்பி, லினோடைப் (அச்செழுத்து வார்க்கும் கெட்டியான ஈயக் கலவை) கலந்து கெட்டியாக்கினேன். இன்னும் மோசமானது.

உண்மையான கோளாறு, தோட்டாக்களைப் போட்டு வைக்கும் சுழலும் சிலிண்டரில் இருந்தது. பேரலின் உள்ளளவு தெரிய, ஒரு மென்மையான ஈயக்கட்டியைப் பேரலுக்குள் தட்டி அனுப்பி அளந்தேன்: 0.312 அங்குலம். பிறகு அதே அளவுத் தோட்டாவைச் சிலிண்டரின் முன்பக்கத் துளைகளில் விரலால் அழுத்திப் பார்த்தேன். ஆறில் ஒன்றில்கூட நுழையவில்லை. துளைகளின் அளவு 0.310 தான்!

அதாவது, தோட்டா பேரலைத் தொடுமுன்பே நசுங்கிச் சிறுத்துவிடுகிறது. பேரலில் தொளதொளவென்று போகும்போது சூடான வாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்துச் சுவரில் பூசுகிறது. மென்மையான ஈயமாவது அழுத்தத்தில் கொஞ்சம் விரிந்து இடைவெளியை அடைக்கும். நான் கெட்டியாக்கி அதையும் கெடுத்திருக்கிறேன்.

துப்பாக்கி மெக்கானிக் ஆறு துளைகளையும் 0.313க்கு ரீமர் (துளையை அகலப்படுத்தும் கருவி) போட்டுச் சமமாக்கித் தந்தார். தோட்டாவையும் அதே அளவுக்கு மாற்றி, பழைய மென்மையான கலவைக்கே திரும்பினேன். முன்பெல்லாம் பிரஷ்ஷில் வெள்ளிக் காகிதம் போல ஈயச் சுருள் வரும். நேற்று ஐம்பது சுட்ட பிறகு துணியில் வெறும் சாம்பல் கறைதான். அவ்வளவு சந்தோஷம்!

கலவையை மாற்றுமுன் துளைகளை அளந்துவிடுங்கள்.