ஸ்டென்ட் வச்சவருக்கு ஆபரேஷன்: ஆஸ்பிரினையும் நிறுத்தணுமா?

மயக்கவியலார்:
"இதய ரத்தக்குழாயில ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் ஆயிட்டா எந்த ஆபரேஷனுக்கும் அஞ்சு நாள் முன்னாடியே ரத்தம் இளக்கும் எல்லா மாத்திரையும் நிறுத்திடலாம், ஆய்வே வந்தாச்சு." இது நேத்து நம்ம சர்ஜன் கத்திமுனை எழுதினது. எந்த ஆய்வுன்னு சொல்லல, நான் சொல்றேன். 2024ல வந்த அஷ்யூர்-டெஸ். கொரியா, இந்தியா, துருக்கியில், மருந்து பூசின ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் தாண்டி, இதயம் அல்லாத வேற ஆபரேஷனுக்கு வந்த ஆயிரம் பேர் சொச்சம். சாவு, மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்து, ஆஸ்பிரின் தொடர்ந்தவங்களில் 0.6 சதவீதம், நிறுத்தினவங்களில் 0.9. இவ்வளவு அபூர்வமா நடக்கிற ஒண்ணுல வித்தியாசத்தைக் காட்ட ஆயிரம் பேர் போதாது. அதுல பெரிய ஆபரேஷன்களும் குறைவு. வித்தியாசம் தெரியலங்கறதும் ஆபத்து இல்லங்கறதும் ஒண்ணு கிடையாது.

கத்திமுனை:
பாதியை விட்டுட்டீங்களே சார். சின்ன ரத்தக்கசிவு தொடர்ந்தவங்களுக்கு 14.9 சதவீதம், நிறுத்தினவங்களுக்கு 10.1. பலன் காட்டல, கசிவு காட்டிருக்கு. நீங்க தலைமாட்டுல நிப்பீங்க, கசிவைக் கட்டுறது நாங்க.

மயக்கவியலார்:
சின்னக் கசிவு. நீங்களே எழுதினது. பெரிய ரத்தப்போக்குல அங்க குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல. குடலிறக்கத்துல கசிஞ்சா சுட்டு நிறுத்தலாம், அழுத்திப் பிடிக்கலாம். ஸ்டென்ட் அடைச்சா கேத் லேப், அதாவது குழாய் விட்டு அடைப்பை எடுக்கிற கூடம் வேணும், அங்க மறுபடி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரெண்டு தட்டணு மாத்திரையும், ரத்தம் உறையாம தடுக்கிற ஹெபரின் முழு டோஸும் குடுக்கணும், அதுவும் புதுத் தையல் மேல. ஆபரேஷன் சமயத்துல ஆஸ்பிரின் குடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு பாய்ஸ்-2, அதுல ஏற்கெனவே ஸ்டென்ட், பலூன் செஞ்ச 470 பேரைத் தனியாப் பிரிச்சுப் பார்த்தாங்க. சாவோ மாரடைப்போ வந்தது ஆஸ்பிரின் எடுத்தவங்களில் 6 சதவீதம், எடுக்காதவங்களில் 11.5.

கத்திமுனை:
பத்தாயிரம் பேர் ஆய்வுல 470 பேரை மட்டும் பொறுக்கி எடுத்தா யாருக்கும் வேண்டிய விடை கிடைக்கும். மொத்த ஆய்வுல ஆஸ்பிரினுக்குப் பலன் இல்ல, பெரிய ரத்தப்போக்கு 3.8லிருந்து 4.6 சதவீதத்துக்கு ஏறிச்சு.

நாடித்துடிப்பு:
எந்த ஆபரேஷன்னு ரெண்டு பேரும் சொல்லலையே? ஸ்டென்ட் மாரடைப்புக்கு வச்சதா, நடந்தா வர்ற நெஞ்சுவலிக்கு வச்சதா? முன்னதுக்கு 12 மாசம், பின்னதுக்கு 6 மாசம் தள்ளிப்போடணும். புற்றுநோய் மாதிரி காத்திருக்க முடியாததுன்னா குறைஞ்சது 3 மாசம். முதல் 30 நாள்ல தள்ளிப்போடக்கூடிய எதையும் தொடவே கூடாது.

கத்திமுனை:
ஒரு வருஷம் தாண்டினவங்களைப் பத்திப் பேசிட்டிருக்கோம் டாக்டர். 0.6, 0.9. வித்தியாசம் இல்ல. அவ்வளவு பயமா இருந்தா ஹெபரின் வகையான எனாக்ஸாபரின் ஊசி போட்டுக்கலாம்.

மயக்கவியலார்:
இதுதான் எனக்கு ஆத்திரம் வர்ற இடம். ஸ்டென்ட்டுக்குள்ள அடைக்கிறது தட்டணுக்கள். ஹெபரின் வகை ஊசி உறைவுப் புரதங்களைத்தான் தடுக்கும், அந்த இடத்தைக் காக்காது. கசிவைக் கூட்டும், அவ்வளவுதான். முதல் சில மாசத்துக்குள்ள தவிர்க்கவே முடியாத ஆபரேஷன்னா, நரம்பு வழியா ஏத்துற தட்டணுத் தடுப்பு மருந்து கான்கிரெலார், கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.75 மைக்ரோகிராம், ஆபரேஷனுக்கு 1 முதல் 6 மணி நேரம் முன்னாடி நிறுத்தணும். அது கிடைக்காத ஊர்ல எனாக்ஸாபரினைப் போட்டுட்டு "பாதுகாப்பு குடுத்துட்டோம்"னு குறிப்பெழுதுறது நோயாளியை ஏமாத்துறது. 2000ல வந்த அறிக்கையை எடுத்துப் பாருங்க. ஸ்டென்ட் வச்சு ஆறு வாரத்துக்குள்ள ஆபரேஷன் ஆன 40 பேரில் 7 மாரடைப்பு, 8 சாவு.

கத்திமுனை:
அது மருந்து பூசாத வெறும் உலோக ஸ்டென்ட் காலம். நான் சொல்றது ஒரு வருஷம் தாண்டினவங்க. பேச்சை மாத்தாதீங்க.

மாத்திரைப்பெட்டி:
மருந்துக்கடைப் பக்கத்துலருந்து ஒண்ணு. "ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தவும்"னு ஒரே வரி எழுதி அனுப்புறாங்க. பலர் சாப்பிடுறது ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டினான அடோர்வாஸ்டாட்டின், இந்த மூணும் ஒண்ணா அடைச்ச கேப்சூல். அதை நிறுத்தினா ஸ்டாட்டினும் சேர்ந்து நின்னுடும். அந்த வாரத்துக்கு ஆஸ்பிரினையும் ஸ்டாட்டினையும் தனித்தனியா எழுதிக் குடுங்க.

மயக்கவியலார்:
நூத்துக்கு நூறு சரி. தேதியும் போடணும். ஆபரேஷனுக்கு முன்னாடி நிறுத்த வேண்டியது, குளோபிடோக்ரெல் 5 நாள், அதே வகை டிகாக்ரெலார் 3லிருந்து 5, பிராசுக்ரெல் 7. மரத்துப்போக முதுகுல ஊசி போட ஆஸ்பிரின் மட்டும் தடையில்ல, குளோபிடோக்ரெல் ஓடிட்டிருந்தா தடை. மூளை, தண்டுவடம், கண்ணோட பின்பகுதி இதெல்லாம் கொஞ்சம் கசிஞ்சாலே கெடுதி, அங்க ஆஸ்பிரினையும் நிறுத்தலாம், இதய மருத்துவரைக் கேட்டுட்டு. குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக்கும் எதுக்கு நிறுத்தணும்?

கத்திமுனை:
பித்தப்பைப் படுகையில கசிவு வந்தா ஸ்கோப்ல என்ன தெரியும்னு ஒரு தடவை மானிட்டரைப் பாருங்க. 14.9, 10.1.

மயக்கவியலார்:
சின்னக் கசிவு. ரெண்டாவது தடவையா சொல்றேன்.

நாடித்துடிப்பு:
ஆபரேஷனுக்கு அப்புறம் 24, 48 மணி நேரத்துல ட்ரோபோனின், அதாவது இதயத் தசை சேதத்தைக் காட்டுற ரத்தப் பரிசோதனை, யாராவது பார்க்கிறீங்களா? வலி மருந்துக்கு நடுவுல மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாம வரும். அதைப் பத்தி ஒரு வார்த்தை காணோம்.

கத்திமுனை:
அதுக்குத் தனித் திரி தொடங்குங்க டாக்டர். இங்க கேள்வி ஆஸ்பிரின். 0.6, 0.9.

மயக்கவியலார்:
"எந்த ஆபரேஷனுக்கும்"னு எழுதினீங்களே, அந்த வரியை இன்னும் திருத்தல. அந்த ஆய்வுல பெரிய ரத்தக்குழாய் ஆபரேஷன் எத்தனை இருந்துச்சுன்னு பார்த்துட்டு வாங்க, மிச்சத்தைப் பேசலாம்.