கம்ப்ரசர் போய்விட்டது என்று 18,500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

வைகைக்கரை:
மதுரையில் இருக்கிறோம். 1.5 டன் ஸ்ப்ளிட் ஏ.சி., இன்வெர்ட்டர் வகை அல்ல; வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நேற்று இரவிலிருந்து உள்ளே காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. வெளி யூனிட்டில் விசிறி சுற்றுகிறது. கம்ப்ரசர் மட்டும் சில நொடி உறுமிவிட்டு 'டக்'கென்று நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. அவசரம் என்று அழைத்ததும் வந்தவர், மூடியைக்கூடக் கழற்றாமல், "கம்ப்ரசர் போய்விட்டது, கேஸும் போட வேண்டும், 18,500 ஆகும், முன்பணம் கொடுங்கள்" என்கிறார். பார்க்க வந்ததற்கே 600 வாங்கிக்கொண்டார். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் அப்பாவை இந்தக் கத்திரி வெயிலில் நினைத்தால் கொடுத்துவிடலாம் என்றே தோன்றுகிறது.

குளிர்பதன மெக்கானிக்:
கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் ஏ.சி.க்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவையுங்கள். இப்படித் திரும்பத் திரும்ப முயன்றால் நல்ல கம்ப்ரசரின் வைண்டிங்கும் (உள்ளே இருக்கும் மோட்டாரின் கம்பிச்சுருள்) எரிந்துவிடும். நீங்கள் சொல்வது, கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவும் கெபாசிட்டர் என்ற சிறு பாகம் பழுதானதன் அடையாளம். அதன் விலை சில நூறு ரூபாய்தான். நீங்களே திறக்க வேண்டாம், அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வேறொருவரை அழைத்து, கெபாசிட்டரை மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அதன்மேல் 50 மைக்ரோஃபாரட் என்று இருந்தால் மீட்டரிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். கம்ப்ரசரின் மூன்று மின்முனைகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மின்தடையை அளந்தால், சிறிய இரண்டு அளவுகளின் கூட்டுத்தொகை பெரிய அளவுக்குச் சமமாக வர வேண்டும். அப்படி வந்து, கம்ப்ரசரின் உலோக உடலோடு மின் தொடர்பும் காட்டாவிட்டால் வைண்டிங் நலம். இவற்றை அளக்காமல் கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்வது தொழிலுக்கே கேடு.

கேஸ் கசிந்தால்தான் குறையும். குறைந்துவிட்டது என்பவர் கசிவு எங்கே என்று காட்ட வேண்டும். அடைக்காமல் நிரப்பினால் கசிவு அப்படியேதான் இருக்கும், மறுபடியும் செலவு.

அண்ணாநகர் வாசி:
பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்கு மட்டும் தனியாக 5 அல்லது 10 ஆண்டு உத்தரவாதம் பல நிறுவனங்கள் தருகின்றன. கேஸ், கூலி அதில் சேராமல் இருக்கலாம். அப்பாவுக்கு இப்போது ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள். உளறினாலோ, உடல் கொதித்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் மிகுந்த நன்றி. வேறொருவர் வந்து கண்ணெதிரே அளந்தார். 50 இருக்க வேண்டிய இடத்தில் 11தான் காட்டியது. வைண்டிங் சரியாக இருக்கிறது. கூலியோடு 950 ரூபாய், ரசீதும் கொடுத்தார். அப்பா தூங்குகிறார். மாலையில் வோல்டேஜ் 180க்கு இறங்குவதாகவும் சொன்னார். ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா?

குளிர்பதன மெக்கானிக்:
கட்டாயம் வாங்குங்கள். 1.5 டன்னுக்கு 4 கே.வி.ஏ. போதும். அதன் அட்டையில் 180க்கும் கீழே தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அக்கம்பக்கத்திலும் வோல்டேஜ் இறங்கினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) புகார் பதியுங்கள்.